பல்கலைக்கழகப் பண்ணையில் மாட்டுக்கு மருந்து முதலா, மாதிரி முதலா?

பள்ளத்தூர் வாசகர் கேட்டது, ஜூன் 9

என் மகள் கால்நடை மருத்துவத்தில் மேற்படிப்பு படிக்கிறாள். மடிநோய் பற்றி ஆய்வு. பண்ணையில் மாடு நிறைய நிற்கிறது, ஆனால் பால் மாதிரி எடுக்க மூன்று வாரமாகக் காத்துக் கிடக்கிறாள். ஆய்வுகளை ஒருங்கிணைப்பவர் தேதியே கொடுக்கவில்லையாம். மாட்டைக் கட்டி வைத்துக்கொண்டு எதற்கு இந்த இழுத்தடிப்பு? இன்னொன்றும் கேட்க வேண்டும். எங்கள் வீட்டில் இரண்டு ஜெர்சி கலப்பு நிற்கிறது. ஆராய்ச்சிப் பண்ணையில் நோய் எப்படிப் போகிறது என்று பார்ப்பதற்காகவே மாட்டுக்கு மருந்து போடாமல் விட்டுவைப்பார்கள் என்று ஊரில் பேசிக்கொள்கிறார்கள். உண்மையா?

ஜூன் 9, இரவு

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில். இல்லை. ஆய்வுகளை ஒருங்கிணைக்கும் இதே வேலையை நான் வேறொரு பண்ணையில் பதினோரு வருடமாகப் பார்க்கிறேன். மாடு நோயில் விழுந்தால் அன்றைக்கு அது ஆய்வு மாடு இல்லை, நோயாளி. பண்ணை மருத்துவர் மருந்து எழுதினால் போட்டாக வேண்டும். ஆய்வுக்காரர் மறுக்க முடியாது. அந்த மாட்டின் கணக்கு ஆய்விலிருந்து போனால் போகட்டும். நாங்கள் கேட்பது ஐந்து நிமிடம்தான். ஊசி ஏறுவதற்கு முன், காம்பு வழியாக டியூப் மருந்து போவதற்கு முன், மாதிரியை எடுத்துக்கொள்ள விடுங்கள் என்கிறோம். அது மாட்டுக்கும் நல்லது. எந்தக் கிருமி என்று தெரிந்தால்தான் போட்ட மருந்து சரியா, மாற்ற வேண்டுமா என்று சொல்ல முடியும்.

இப்போது மகள் காத்திருக்கும் விஷயம். வெளியிலிருந்து பார்த்தால் கொட்டகை நிறைய மாடு தெரியும். எங்கள் பண்ணையில் சென்ற மாதக் கணக்கைச் சொல்கிறேன், நீங்களே கழித்துப் பாருங்கள். கறவையில் 38 மாடு. அதில் 12 ஏற்கெனவே ஒரு தீவன ஆய்வில் நிற்கின்றன, தொடக் கூடாது. மீதி 26. முதல் ஈற்று மாடுகள் 7. அவற்றின் மடி வேறு மாதிரி, இரண்டாம் மூன்றாம் ஈற்றோடு சேர்த்து எண்ண முடியாது. மீதி 19. ஈன்று ஒரு மாதம் ஆகாதவை 4. நோயை எதிர்க்க உடம்பு அனுப்பும் செல்கள், புதிதாக ஈன்ற மாட்டின் பாலில் நோய் இல்லாமலேயே கூடுதலாக இருக்கும். மீதி 15. கடந்த ஒரு மாதத்தில் ஆன்டிபயாடிக் வாங்கியவை 3. மீதி 12. பழைய மடிநோயில் ஒரு காம்பு அடைத்துப்போனவை 2. நிற்பது 10.

எங்களிடம் வந்த மாணவிக்கு 12 மாடு தேவை. ஈன்று ஒரு மாதம் ஆகாத நான்கில் இரண்டு நாள் கடக்கும்வரை அவரும் காத்திருந்தார். உங்கள் மகள் விஷயமும் இப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். தேதி கொடுக்காதவர் மீது கோபம் வரும், தெரியும். காரணத்தை உட்கார வைத்துச் சொல்லியிருக்க வேண்டும். அதைச் செய்யாதது அவர் தவறுதான்.

ஜூன் 10

ஒன்றை விட்டுவிட்டேன். மாட்டிடம் ரத்தம் எடுப்பதாக இருந்தாலும், புது மருந்தைச் சோதிப்பதாக இருந்தாலும் நிறுவனத்தின் விலங்கு நெறிமுறைக் குழு அனுமதி வேண்டும். 1960 பிராணிவதைத் தடைச் சட்டத்தின் கீழ் 1998இல் வந்த விதிகள் அப்படிச் சொல்கின்றன. அனுமதிக் கடிதம் கையில் வராமல் நான் யாருக்கும் தேதி போடுவதில்லை. மகளிடம் அந்தக் கடிதம் வந்துவிட்டதா என்று கேளுங்கள். நிறையப் பேர் அங்கேதான் சிக்கி நிற்கிறார்கள்.

ஜூன் 14

இந்த இழையில் இன்னொருவர், ஐந்து நிமிடத்தில் என்ன குடிமுழுகிவிடும் என்று கேட்டிருக்கிறார். எங்களுக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வருடம். 47ஆம் எண் மாடு. பதிவேட்டில் 47, கறவைக்கார அண்ணனுக்கு அவள் வெள்ளச்சி. விடியற்காலை நான்கு மணிக் கறவை. அண்ணன் கை வைத்ததும் இடது பின் காம்பில் வெள்ளச்சி காலைத் தூக்கியிருக்கிறாள். காம்புக்கு மேலே மடி லேசாகக் கனத்திருக்கிறது. சூடு இல்லை, வீக்கம் கண்ணுக்குத் தெரியவில்லை. முதல் பீச்சுப் பாலைக் கறுப்புத் துணியில் விட்டுப் பார்த்தார். தயிர்த் திப்பி மாதிரி இரண்டு துணுக்கு. உடனே இரவுப் பணியில் இருந்த பையனிடம் சொன்னார். அவன் நல்ல மனதோடு, மாடு கஷ்டப்படக் கூடாது என்று, அலமாரியில் இருந்த டியூப்பை எடுத்து அந்தக் காம்பில் ஏற்றிவிட்டான். மருத்துவரைக் கேட்கவில்லை. பதிவேட்டில் எழுதவும் இல்லை.

ஆறு மணிக்கு மாணவர் வந்தார். வரிசையில் 47 இருந்தது. மாதிரி எடுத்தார், ஆய்வகத்துக்குப் போனது. இரண்டு நாள் கழித்துப் பார்த்தால், கிருமி வளர்ப்புத் தட்டில் எதுவும் வளரவில்லை. செல் எண்ணிக்கை மட்டும் எகிறி நிற்கிறது. கிருமி இல்லாத வீக்கம் என்று எழுதிவிட்டோம். அதற்கு ஒரு விளக்கமும் தயார் செய்தோம். வெயில், தீவன மாற்றம் என்று என்னென்னவோ சேர்த்தோம்.

பதினைந்து நாள் கழித்துக் கறவை நேரத்தில் அண்ணன் பேச்சுவாக்கில், "அன்னைக்கு அந்தத் தம்பி மருந்து ஏத்துனதும் வெள்ளச்சி சரியாயிட்டா டாக்டரம்மா" என்றார். எனக்குக் கை கால் ஓடவில்லை. நாங்கள் எழுதியது பொய் என்பது ஒரு பக்கம். மருந்து ஏறிய மாட்டின் பால் அன்றைக்குக் கேனில் சேர்ந்திருக்கிறது என்பது அதைவிடப் பெரிய பிழை. மருந்துப் பெட்டியில் எத்தனை நாள் பாலை ஒதுக்க வேண்டும் என்று போட்டிருக்கிறதோ அத்தனை நாளும் அது தனியாகப் போயிருக்க வேண்டும். யாரோ ஒரு வீட்டுப் பிள்ளை குடித்த பால்.

பையனைத் திட்டினார்கள். நான் திட்டவில்லை. நல்லது செய்ய நினைத்தவனிடம் எங்கே எழுத வேண்டும், யாரைக் கேட்க வேண்டும் என்று யாரும் சொல்லியிருக்கவில்லை. சொல்ல வேண்டியது என் வேலை. மறுநாள் கொட்டகை வாசலில் ஒரு கரும்பலகை மாட்டினேன். மாட்டு எண், எந்தக் காம்பு, யார் கவனித்தது, மாதிரி எடுத்தாயிற்றா, மருந்து எத்தனை மணிக்கு. இந்த வரிசையில்தான் கட்டம். மாதிரிக் கட்டத்தில் டிக் இல்லாமல் மருந்து அலமாரிச் சாவி கிடையாது. மாடு படுத்துவிட்டது, மூச்சுத் திணறுகிறது என்றால் சாவி உடனே. அது எல்லாருக்கும் தெரியும்.

ஜூன் 15

நேற்று எழுதியதில் ஒரு திருத்தம். தட்டில் கிருமி வளராததற்கு மருந்து மட்டுமே காரணம் என்று படும்படி எழுதிவிட்டேன். ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் கிருமி மடிக்குள் இருந்துகொண்டே ஒரு நாள் பாலில் இறங்கும், ஒரு நாள் இறங்காது. மருந்தே போடாத மாட்டிலும் ஒரே ஒரு மாதிரியை நம்பி "கிருமி இல்லை" என்று சொல்லக் கூடாது. சில நாள் இடைவெளி விட்டு மறுபடி எடுக்க வேண்டும். வெள்ளச்சி விஷயத்தில் காரணம் டியூப்பா, கிருமியின் இந்தக் குணமா என்று இன்றைக்கு யாராலும் சொல்ல முடியாது. எழுதாத மருந்தின் கேடு அதுதான்.

ஜூன் 21

பள்ளத்தூர்க்காரர் கேட்டிருந்தார், மடிநோய் இருக்கிறதா என்று வீட்டு மாட்டிலேயே சோதிக்க முடியுமா என்று. முடியும். கலிபோர்னியா மடிநோய்ச் சோதனை 1957இல் வந்தது, இன்றைக்கும் கொட்டகையில் செய்யக்கூடிய எளிதான சோதனைகளில் ஒன்று. நாலு குழி உள்ள ஒரு பிளாஸ்டிக் தட்டு. எங்கள் அண்ணன் அதற்கு வைத்த பெயர் பணியாரச் சட்டி. "டாக்டரம்மா பணியாரம் ஊத்த வந்துட்டாங்க" என்பார், கொட்டகையே சிரிக்கும். நாலு காம்புக்கு நாலு குழி. முதல் பீச்சைத் தள்ளிவிட்டு ஒவ்வொரு குழியிலும் கொஞ்சம் பால் விட வேண்டும். தட்டைச் சாய்த்தால் கூடுதல் பால் வழிந்துவிடும். அதே அளவு கரைசல் ஊற்றி வட்டமாகச் சுழற்றி உடனே பார்க்க வேண்டும். பால் பாலாகவே ஓடினால் நல்லது. கொழகொழவென்று திரண்டு குழியின் நடுவில் குவிந்தால் அந்தக் காம்பில் கோளாறு. கரைசல் பாலில் உள்ள செல்களை உடைக்கும்போது வெளிவரும் டிஎன்ஏ தான் அந்தக் கொழகொழப்பு. ஒரு மில்லி பாலில் 2 லட்சம் செல்லுக்கு மேல் போனால் உள்ளே தொற்று இருக்கலாம் என்று எடுத்துக்கொள்வோம். அந்தக் கட்டத்தில் மடியும் பாலும் பார்வைக்குச் சுத்தமாகவே இருக்கும். இதைத்தான் மறைமுக மடிநோய் என்கிறோம், வெளியே தெரியாமல் பாலளவு குறைவதற்கு இதுவும் ஒரு காரணம். ஈன்ற புதிதிலும் பால் வற்றும் நேரத்திலும் சும்மாவே திரளும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

மகளுக்கு ஒரு குறிப்பு. அவருக்குத் தெரிந்திருக்கும், இருந்தாலும் சொல்கிறேன். கிருமி வளர்ப்புக்கு மாதிரி எடுக்கும்போது, நாம் உட்காரும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கக் காம்பு இரண்டையும் முதலில் 70 சதவீத ஆல்கஹால் பஞ்சால் துடைக்க வேண்டும், நம் பக்கக் காம்பைக் கடைசியில். பால் எடுப்பது தலைகீழ், நம் பக்கம் முதலில், எதிர்ப்பக்கம் பிறகு. மாற்றிச் செய்தால் துடைத்த காம்பின் மேல் முழங்கை உரசும், தட்டில் வளர்வது சட்டைக் கையில் இருந்த கிருமி. குப்பியின் மூடியைக் கீழே வைக்கக் கூடாது. குப்பியைச் சாய்த்துப் பிடிக்க வேண்டும், நிமிர்த்திப் பிடித்தால் மடியிலிருந்து சாணித் துகள் நேராக உள்ளே விழும். மாட்டு எண்ணையும் காம்பையும் குப்பியில் முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள். ஈரக் கையோடு நான்கு மணிக்கு எழுதினால் 41 எது 47 எது என்று ஏழு மணிக்குத் தெரியாது.

ஜூன் 22

மடிநோய்க்குக் கற்றாழை வைத்தியம் பற்றிக் கேட்டவருக்கு. சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள் தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம். மூன்றையும் அரைத்துத் தண்ணீரில் இளக்கி, கறந்து முடித்த மடி முழுக்கத் தடவ வேண்டும். ஒரு நாளைக்குப் பத்துத் தடவை, ஐந்து நாள். தேசிய பால்வள வாரியமும் இதைப் பரப்புகிறது. தேவகோட்டையில் என் அப்பத்தா கற்றாழையையும் மஞ்சளையும் அம்மியில் அரைத்ததைப் பார்த்து வளர்ந்தவள் நான். அந்த வாசனை எனக்கு மருந்து வாசனைதான். காய்ச்சல், தீவனம் எடுக்காமை, பாலில் ரத்தம் என்றால் மட்டும் இதை வைத்துக்கொண்டு உட்காராமல் மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

இதை ஆய்வாகச் செய்யும்போது வரும் சிக்கல் எனக்குப் பிடித்தமானது. எந்த மாட்டுக்கு எந்த வைத்தியம் என்று அளப்பவருக்குத் தெரியக் கூடாது. தெரிந்தால் கண் சாயும். ஆனால் மஞ்சள் பூசிய மடியை யாரிடமிருந்து மறைப்பது? கறவைக்காரருக்குத் தெரியும், மருத்துவருக்குத் தெரியும், கொட்டகையைக் கடந்து போகிறவருக்கும் தெரியும். கடைசியில் ஆய்வகத்தில் மறைத்தோம். குப்பியில் மாட்டு எண்ணை எடுத்துவிட்டு ரகசிய எண் போட்டோம். எந்த எண் எந்த மாடு என்ற தாள் என் பெட்டியில். தட்டைப் பார்த்து எண்ணுகிறவருக்கு மஞ்சளும் தெரியாது, டியூப்பும் தெரியாது. கொட்டகையில் கையால் தடவிப் பார்த்துக் கொடுக்கும் மதிப்பெண்ணை மட்டும் தனியாக வைத்தோம். அதில் சாய்வு இருக்கும் என்று வெளிப்படையாகவே எழுதினோம்.

ஜூன் 30

ரத்த மாதிரி பற்றி. உண்ணிக் காய்ச்சல் ஆய்வுக்காகச் சென்னை ஆய்வகத்துக்கு மாதிரி அனுப்ப வேண்டியிருந்தது. காரைக்குடியிலிருந்து பல்லவன் விடிவதற்கு முன்பே கிளம்பிவிடும், எங்கள் கறவை நான்கு மணிக்கு. காலையில் எடுத்தால் ரயில் போய்விடும். முதல் நாள் மாலையில் எடுத்தால் இரவு முழுக்க வைத்திருக்க வேண்டும். மாலைதான் என்று முடிவு செய்து, எடுத்த கையோடு எல்லாக் குழாயையும் ஐஸ் பெட்டிக்குள் வைத்தோம். அங்கேதான் தவறினோம். ரத்தம் உறையாமல் இருக்க மருந்து சேர்த்த ஊதா மூடிக் குழாய்க்குக் குளிர் சரி. சிவப்பு மூடிக் குழாயில் ரத்தம் முதலில் வெளியே அசையாமல் நின்று உறைய வேண்டும், மேலே நிற்கும் தெளிநீரை, அதாவது சீரத்தை, பிரித்த பிறகுதான் ஐஸ். எங்கள் பெட்டி எழும்பூரில் இறங்கியபோது பாதிச் சீரம் நன்னாரி சர்பத் நிறத்தில் இருந்தது. ரத்தச் செல் உடைந்துவிட்டால் அதில் பல சோதனைகள் நிற்காது. அடுத்த முறை மதியம் எடுத்தோம், உறைய வைத்தோம், மாலையில் பிரித்தோம், விடியலில் மாணவர் மடியில் வைத்துக்கொண்டு போனார். மதிய மாதிரியையும் காலை மாதிரியையும் ஒன்றாக எண்ண முடியாது, தீவனம் தின்ற பிறகு ரத்தத்தில் சில அளவுகள் மாறும். அதனால் அந்த ஆய்வு முழுக்கவே மதியம்தான் என்று வைத்துக்கொண்டோம்.

ஜூலை 8

தடுப்பூசிக் காலம் குறுக்கே வருமே என்று ஒருவர் கேட்டது சரியான கேள்வி. கோமாரித் தடுப்பூசி ஆறு மாதத்துக்கு ஒரு முறை. 2019 செப்டம்பரில் தொடங்கிய தேசியத் திட்டத்தில் காதில் 12 இலக்கத் தோடு போட்டுப் பதிவும் நடக்கிறது. ஊசி போட்ட ஓரிரு நாள் சில மாடுகளுக்கு உடம்பு சுடும், பால் குறையும். பாலளவை வைத்து நடக்கும் எந்த ஆய்வும் அந்த நாட்களில் குழம்பும். ஊசித் தேதியைத் தள்ளலாமே என்று என்னிடம் கேட்காத ஆய்வுக்காரர் இல்லை. நான் தள்ளுவதில்லை. பண்ணையில் கோமாரி வந்தால் ஆய்வு மட்டுமா போகும்? வேலி தாண்டி ஊர் மாட்டுக்கும் போகும். ஆய்வுத் தேதிதான் நகர வேண்டும்.

பொங்கல் வாரமும் அப்படித்தான். மாட்டுப்பொங்கல் அன்று யார் சொன்னாலும் கேட்காமல் மாடுகளுக்குப் பொங்கலும் கரும்பும் வாழைப்பழமும் போகும். போகட்டும், அன்றைக்கும் வைக்கோலா வைப்பது? ஆனால் சோற்றை அளவு மீறித் தின்ற மாட்டுக்கு வயிறு புளித்து அசை நின்றுவிடும். சோடா உப்புக் கரைசலோடு மருத்துவர் மறுநாள் வந்து நிற்பார். தை மூன்றில் சிராவயல் மஞ்சுவிரட்டு, பாதி ஆட்கள் அங்கே. ஒரு வருடம் தெரியாத்தனமாக அந்த வாரத்தில் சாண மாதிரி எடுத்து, புளிப்பு அளவு ஏன் தாறுமாறாக இருக்கிறது என்று ஒரு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டார் ஒரு மாணவர். இப்போது என் நாள்காட்டியில் தை முதல் வாரத்தில் குறுக்கே கோடு.

ஜூலை 9

புளிப்பு அளவைச் சாணத்தில் மட்டும் பார்த்தால் முழுக்கத் தெரியாது, அசைவயிற்றுத் திரவத்தில் பார்க்க வேண்டும் என்று திருத்தியவருக்கு நன்றி. சரிதான். அந்த ஆய்வில் இரண்டும் எடுத்தார், நான் ஒன்றைத்தான் எழுதினேன்.

ஜூலை 19

முதல் நாள் எழுதியதைத் திரும்பப் படித்தேன். 38இலிருந்து 10க்கு இறங்கிய கணக்கில் ஒரு படி எனக்கு இப்போது உறுத்துகிறது. காம்பு அடைத்த இரண்டு மாட்டைக் கழித்தேனே, அது மாணவியின் ஆய்வுக்குச் சரி. ஆனால் எல்லா ஆய்வும் இப்படி நல்ல மடியாகப் பொறுக்கிக்கொண்டே போனால், ஊரில் இருக்கும் மாட்டுக்கு அந்த முடிவு எப்படிப் பொருந்தும்? புதுவயல் ஆலைத் தவிட்டையும் வைக்கோலையும் தின்று, நாலு ஈற்று கண்டு, ஒரு காம்பு போன மாடுதான் இங்கே பல வீட்டில் நிற்கிறது. அடுத்த வருடம் நடக்கப்போகும் ஆய்வு ஒன்றில் அந்த மாடுகளையும் தனிப் பிரிவாகச் சேர்க்கச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். வாதாடிக்கொண்டிருக்கிறேன்.

வாதாடும் இன்னொன்று கறவைக்காரர் பெயர். பலகையில் "யார் கவனித்தது" என்ற கட்டத்தைச் சென்ற வருடம் எண்ணிப் பார்த்தேன். மருத்துவர் கண்டதைவிட, மாணவர் கண்டதைவிட, கறவைக்காரர் கை கண்டதுதான் அதிகம். ஆய்வுக் கட்டுரையில் கருவி வாங்கிய நிறுவனத்தின் பெயர் வருகிறது, அவர் பெயர் நன்றிப் பகுதியில்கூட வருவதில்லை. எங்கள் பண்ணையில் இனி எழுதும் எந்தக் கட்டுரையும் அவர்கள் பெயர் இல்லாமல் என் மேசையைத் தாண்டாது. அண்ணனிடம் சொன்னேன். "என் பேரு எதுக்கு டாக்டரம்மா, வெள்ளச்சி பேரப் போடுங்க" என்றார். இரண்டையும் போடப் போகிறேன்.

ஜூலை 27

பள்ளத்தூர்க்காரர் தனியாக எழுதியிருந்தார். மகளுக்குத் தேதி கிடைத்துவிட்டதாம். நெறிமுறைக் குழுக் கடிதம்தான் தாமதம், மாடு இல்லை. என் ஊகம் பாதி தப்பு. வீட்டு மாடு இரண்டிலும் பணியாரச் சட்டி வைத்துப் பார்த்ததில் ஒன்றுக்கு வலது முன் காம்பு திரண்டிருக்கிறது. பார்வைக்குப் பால் நன்றாக இருக்கிறதே, மருந்து போடலாமா என்று கேட்கிறார். மகள் இந்த வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வருகிறார் அல்லவா? அதுவரை அந்தக் காம்பைக் கடைசியாகக் கறங்கள், கை கழுவிவிட்டு அடுத்த மாட்டுக்குப் போங்கள். வெள்ளி விடியற்கறவையில் மகள் இரண்டு குப்பி எடுக்கட்டும். மருத்துவர் பார்த்துச் சொன்னபின் மருந்து.